முகவரியைத் தொலைபேசியில் சொல்ல முடிகிறதா?

வாசகர் கேள்வி-பதில்: இணையதளம் நடத்துவோர் பக்கம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இணையப் பக்க முகவரி (யூஆர்எல்) பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முகவரிகளை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில், உங்கள் தளத்தில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும் என்று கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் குடும்பம் பவானியில் ஜமக்காளம் நெய்து விற்கிறது. தளத்தில் ஒவ்வொரு சரக்கின் முகவரியும் 'ப்ராடக்ட்.பிஹெச்பி?ஐடி=47&கேட்=3' என்பது போல இருக்கிறது. கேள்விக்குறி உள்ள முகவரியைக் கூகுள் படிக்காது, மாற்றித் தர 25,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். உண்மையா? மாற்றினால் இப்போது வருகிற வாடிக்கையாளர்களை இழந்துவிடுவோமா?
— ஜமக்காள வியாபாரி, பவானி

பதில்: கூகுள் படிக்காது என்றவர் உங்களைப் பயமுறுத்தி வேலை வாங்கப் பார்க்கிறார். கேள்விக்குறியும் சமக்குறியும் உள்ள முகவரிகளைத் தன்னால் படிக்க முடியும் என்று கூகுள் 2008-இலேயே விளக்கமாகச் சொல்லிவிட்டது. அரைகுறையாக மாற்றினால் இருப்பதும் கெடும் என்று அப்போதே எச்சரித்தது. முகவரியில் சரக்கின் பெயர் இருப்பதால் தேடல் வரிசையில் கிடைக்கும் ஏற்றமும் மிகச் சிறியதுதான். ஆகவே பயந்துபோய் மாற்ற வேண்டாம்.

ஆனாலும் மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன், உங்களிடம் வாங்குகிறவர்களை நினைத்து. சேலத்துக் கல்யாண மண்டபக்காரர் ஒருவர் தொலைபேசியில், "அந்தப் பந்தி ஜமக்காளம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்கிறார். 'ப்ராடக்ட் புள்ளி பிஹெச்பி, கேள்விக்குறி, ஐடி, சமக்குறி, நாற்பத்தேழு' என்று சொல்லிப் பாருங்கள். பாதியிலேயே அவர் "வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்" என்பார். அனுப்பினாலும், அதை இன்னொருவருக்கு அவர் தள்ளிவிட்டால், பெறுகிறவருக்கு 47 என்பது பந்தி ஜமக்காளமா தொழுகை விரிப்பா என்று தெரியாது. 'பந்தி-ஜமக்காளம்-சிவப்பு' என்று முடிகிற முகவரியைத் தொலைபேசியில் சொல்லலாம், பில்லின் அடியில் அச்சிடலாம், பார்த்தவுடன் என்னவென்று புரியும். எந்தத் தளத்தை எடுத்தாலும் நான் முதலில் வைக்கும் சோதனை இதுதான்: முகவரியை வாயால் சொல்லி எதிர்முனையில் இருப்பவரால் எழுதிக்கொள்ள முடிகிறதா?

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் தளத்தில் 'ஐடி=47&கேட்=3' என்றாலும், 'கேட்=3&ஐடி=47' என்றாலும், 'ஐடி=47' என்று மட்டும் போட்டாலும் அதே ஜமக்காளம்தான் வந்து நிற்கும். தேடுபொறிக்கு இவை மூன்று முகவரிகள். மூன்றில் எது அசல் என்று அதுவே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்தை அதன் பொறுப்பில் விடக்கூடாது.

இனி வேலைக்கு வருவோம். இந்தப் பக்கத்தை அப்படியே உங்கள் புரோகிராமரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதலில் கை வைக்க வேண்டியது தரவுத்தளத்தில். சரக்குப் பட்டியலில் 'முகவரிப் பெயர்' என்று புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்து, ஒரே பெயர் இரண்டு சரக்குக்கு வராதபடி அங்கேயே பூட்டுப் போட வேண்டும். பெயர்களை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். சரக்கைத் தெரிந்தவர் நீங்கள். புரோகிராமருக்குப் பந்திக்கும் கட்டில் விரிப்புக்கும் வேறுபாடு தெரியாது. ஆங்கில எழுத்தில் ஜமக்காளத்தை ஒரு 'கே' போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, இரண்டு போடுகிறவர்களும் உண்டு. ஏதாவது ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதையே எழுதுங்கள். விலை, சலுகை, ஆண்டு போன்ற மாறக்கூடிய எதையும் பெயரில் சேர்க்காதீர்கள். 'தீபாவளி-சலுகை-பந்தி' என்று வைத்தால் கார்த்திகை மாதத்தில் என்ன செய்வீர்கள்?

அடுத்தது சர்வர். உங்கள் தளம் அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளில் ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். அதில் 'மாட்-ரீரைட்' என்ற பகுதி இருக்கிறது. ரால்ஃப் எங்கெல்ஷால் என்பவர் 1996-இல் எழுதியது, இன்றும் அதுதான் இந்த வேலையைச் செய்கிறது. '.எச்டிஅக்சஸ்' என்னும் சர்வர் அமைப்புக் கோப்பில் அதற்கு ஒரு விதி எழுத வேண்டும்: கேட்கப்பட்ட பெயரில் உண்மையான கோப்போ கோப்புறையோ இருந்தால் அதையே கொடு, இல்லாவிட்டால் கேட்டதை இன்டெக்ஸ்.பிஹெச்பி-இடம் ஒப்படை. இன்டெக்ஸ்.பிஹெச்பி அந்தப் பெயரைத் தரவுத்தளத்தில் தேடி, 47-ஆம் சரக்கை எடுத்துக் காட்டும். பார்ப்பவரின் திரையில் முகவரி மாறாது. எல்லாம் சர்வருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மேலே சொன்ன உள்வழி வேறு, பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பி அனுப்புவது வேறு. முன்னது மட்டும் செய்தால் பழையது, புதியது இரண்டும் திறக்கும். மூன்று முகவரி நான்காகிவிடும். பழைய 'ஐடி=47'-க்கு வருகிறவரிடம் "இது நிரந்தரமாக இடம் மாறிவிட்டது" என்ற 301 பதிலைச் சொல்லிப் புதிய முகவரிக்கு அனுப்ப வேண்டும். இதையும் '.எச்டிஅக்சஸ்' கோப்பிலேயே செய்யப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிற புரோகிராமர்கள் இருக்கிறார்கள். ரீரைட் விதி முகவரியின் பாதையை மட்டும்தான் பார்க்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதைப் பார்க்கத் தனி நிபந்தனை வேண்டும். அப்படியே பார்த்தாலும் 47 என்றால் பந்தி ஜமக்காளம் என்பது அந்த விதிக்கு எப்படித் தெரியும்? தரவுத்தளத்துக்குத்தான் தெரியும். ஆகவே பழைய ப்ராடக்ட்.பிஹெச்பி கோப்பை அழிக்காமல், அதன் உள்ளே இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு, எண்ணை வாங்கி, பெயரைத் தேடி, 301 சொல்லி அனுப்பும் சில வரிகளை எழுதச் சொல்லுங்கள். புதிய முகவரிகள் இன்டெக்ஸ்.பிஹெச்பி வழியாகப் போவதால் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றாது.

இந்தத் திருப்பி அனுப்புதல் ஒழுங்காக இருந்தால் வாடிக்கையாளர்களை இழக்க மாட்டீர்கள். சில வாரங்கள் தேடல் வரிசை ஏறி இறங்கலாம். அதைக் கண்டு பதறி மறுபடி எதையும் மாற்றிவிடாதீர்கள்.

மீதி வேலைகள் சிறியவை, ஆனால் விடக்கூடாதவை. தளத்துக்குள் இருக்கும் எல்லா இணைப்புகளும் நேராகப் புதிய முகவரிக்கே போக வேண்டும். தேடுபொறிக்குத் தரும் முகவரிப் பட்டியலான சைட்மேப்பில் புதியவை மட்டும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் 'கெனானிக்கல்' என்ற குறிப்பால் அந்தப் பக்கத்தின் அசல் முகவரியைச் சொல்ல வேண்டும். கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009-இல் சேர்ந்து ஏற்றுக்கொண்ட முறை இது. இல்லாத பெயரை யாராவது கேட்டால் "சரக்கு இல்லை" என்று திரையில் எழுதினால் மட்டும் போதாது, 'அப்படியொரு பக்கம் இல்லை' என்று பொருள்படும் 404 என்ற பதில் எண்ணையும் சர்வர் அனுப்ப வேண்டும். முகவரியில் வரும் பெயர் வெளியாள் தட்டச்சு செய்தது என்பதையும் மறக்கக்கூடாது. அதை அப்படியே தரவுத்தளக் கட்டளைக்குள் ஒட்டினால் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்ததாகும். கட்டளையையும் வெளியாள் தட்டியதையும் தனித்தனியாக அனுப்பும் 'ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' முறையில்தான் தேட வேண்டும்.

25,000 ரூபாய் கூடவா குறையவா என்பது சரக்கின் எண்ணிக்கையையும் தளம் எழுதப்பட்டிருக்கும் விதத்தையும் பொறுத்தது. பணம் கொடுக்கும் முன் இவ்வளவும் அந்தத் தொகைக்குள் அடங்குகிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பாக அந்த 301.

கேள்வி: பனியன் ஏற்றுமதி செய்கிறோம். தளத்தின் முகவரிகளை நீங்கள் சொல்வது போல மாற்றினோம். பக்கம் திறக்கிறது, ஆனால் படம், வண்ணம், அமைப்பு எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக வருகிறது. முகப்புப் பக்கம் மட்டும் நன்றாக இருக்கிறது.
— திருப்பூர் வாசகி

பதில்: முன்பு எல்லாப் பக்கமும் ஒரே தட்டில் இருந்தன. பக்கத்தில் 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' என்று மட்டும் எழுதியிருந்தாலும் பிரவுசர் சரியான இடத்தில் போய் எடுத்தது. இப்போது '/பனியன்/வட்டக்கழுத்து' என்று இருப்பதால், 'பனியன்' என்று ஒரு கோப்புறை இருப்பதாக எண்ணிக்கொண்டு அதற்குள் ஸ்டைல் கோப்பைத் தேடுகிறது. அங்கே அப்படி எதுவும் இல்லை. உங்கள் புதிய விதியோ, இல்லாத எதையும் இன்டெக்ஸ்.பிஹெச்பி-இடம் ஒப்படைத்துவிடுகிறது. ஸ்டைல் கேட்ட பிரவுசருக்கு ஒரு முழு இணையப் பக்கம் கிடைக்கிறது, அதை அது தூக்கிப் போட்டுவிடுகிறது.

படம், ஸ்டைல், ஸ்கிரிப்ட் ஆகிய எல்லாவற்றின் பாதையையும் சாய்கோட்டில் தொடங்குமாறு எழுதச் சொல்லுங்கள்: '/ஸ்டைல்.சிஎஸ்எஸ்' என்று. 'பேஸ்' என்ற ஒற்றை வரிக் குறிப்பைப் பக்கத்தின் தலையில் போட்டு முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைப் போட்டால் பக்கத்துக்குள்ளேயே தாவும் இணைப்புகள் முகப்புக்கு ஓடிவிடும். அளவு அட்டவணைக்குத் தாவும் இணைப்பு உங்கள் தளத்தில் நிறைய இருப்பதைப் பார்த்தேன். அதனால் அந்தக் குறுக்குவழி உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: நான் மஞ்சள் விவசாயி. வேர்ட்பிரஸில் தமிழில் எழுதிவருகிறேன். கட்டுரையின் முகவரியை நகல் எடுத்து அனுப்பினால் சதவீதக் குறியும் எண்களுமாக ஒரு முழத்துக்கு நீள்கிறது. சில கட்டுரைகளின் முகவரி பாதிச் சொல்லில் அறுந்து நிற்கிறது. தமிழில் முகவரி வைப்பதே தவறா?
— கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: தவறே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தமிழில் எழுதுகிற எல்லோரையும் இது வாட்டுகிறது. தமிழில் இதற்கு விளக்கம் கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது.

முகவரியில் நேரடியாகச் செல்லக்கூடியவை ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் சதவீதக் குறியிட்டு எண்ணாக்கித்தான் அனுப்ப வேண்டும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறையான ஒருங்குறியின் (யூனிகோடு) யூடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாகிறது. ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து. குறியீடு என்பது நாம் எண்ணுகிற எழுத்தும் அன்று. 'மஞ்சள்' நமக்கு நான்கெழுத்து. கணினிக்கு ம, ஞ, புள்ளி, ச, ள, புள்ளி என்று ஆறு. 54 இடம் போய்விட்டது.

வேர்ட்பிரஸ், கட்டுரையின் முகவரிப் பெயருக்கு 200 இடம் மட்டும் ஒதுக்கியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு 22 குறியீடுகள்தான் தேறும். 'மஞ்சள் கிழங்கு அழுகல் நோயைத் தடுக்கும் வழிகள்' என்று நீங்கள் தலைப்பு வைத்தால் முகவரி 'மஞ்சள்-கிழங்கு-அழுகல்-நோ' என்று அறுந்துவிடும். 'நோ' வரைக்கும் 192 இடம், அடுத்த 'ய'வுக்கு ஒன்பது வேண்டும், 201 ஆகிவிடுகிறது. உங்கள் முகவரிகள் பாதியில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

வழி எளிது. தலைப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும். முகவரிப் பெயரை வெளியிடும் முன் கையால் திருத்தி இரண்டு சொல்லாக்கிவிடுங்கள். 'மஞ்சள்-அழுகல்' போதும். 'மஞ்சள்-விதைப்பு' என்பதும் 127 இடத்தில் முடிந்துவிடும். பிரவுசரின் முகவரிப் பட்டையில் அது அழகான தமிழாகவே தெரியும். கூகுளும் தமிழாகவே புரிந்துகொள்ளும். நகல் எடுக்கும்போது மட்டும் எண்களாக நீளும். சொல் சுருங்கினால் அந்த நீளமும் சுருங்கும்.

ஆங்கில எழுத்தில் வைப்பதா, தமிழில் வைப்பதா என்று கேட்டால், என் கருத்து இது. பில்லிலும் சரக்குப் பெட்டியிலும் அச்சாகி, தொலைபேசியில் சொல்லப்படுகிற முகவரி என்றால் ஆங்கில எழுத்து. வெளிமாநில வியாபாரிக்கும் அது வேண்டும். படிப்பதற்கென்று எழுதுகிற கட்டுரை, அதுவும் உங்களைப் போலத் தமிழ் விவசாயிக்காக எழுதுவது என்றால் தமிழிலேயே வையுங்கள். பக்கத்தைத் திறந்தவர் பட்டையைப் பார்த்ததும் தன் மொழியைக் காண வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வெளிவந்த கட்டுரையின் முகவரிப் பெயரைத் திருத்தினால், வேர்ட்பிரஸ் பழைய பெயரை நினைவில் வைத்திருந்து புதியதற்குத் தானே திருப்பி அனுப்பும். ஆகவே அறுந்து நிற்பவற்றை நீங்கள் அச்சமின்றித் திருத்தலாம்.

வேர்ட்பிரஸ் இல்லாமல் சொந்தமாகத் தளம் எழுதுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முகவரிப் பெயரைத் தயாரிக்கும் நிரல்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தல்லாத எதையும் வழித்துப் போட்டுவிடும். தமிழ்த் தலைப்பு கொடுத்தால் வெற்றுப் பெயர்தான் மிஞ்சும். சரி, எல்லா மொழி எழுத்தையும் அனுமதிப்போம் என்று நல்லெண்ணத்தோடு 'எழுத்து' வகையை மட்டும் அனுமதித்தால் 'மஞ்சள்' என்பது 'மஞசள' என்று வந்து நிற்கும். ஏனென்றால் ஒருங்குறியின் வகைப்பாட்டில் நம் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்து வகையில் வருவதில்லை, 'சேர்குறி' என்னும் தனி வகையில் வருகின்றன. அந்த வகையையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. 'கொங்கு' என்று தட்டும்போது 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முகவரிக்கு வேறு வேறு. 'கோவை'க்கும் 'ஈரோடு'க்கும் இதே கதி. இணைப்பு பார்க்கச் சரியாக இருக்கும், திறந்தால் 404 வரும், நாளெல்லாம் உற்றுப் பார்த்தாலும் பிழை தெரியாது. சேமிக்கும்போதும் தேடும்போதும், இரண்டாக எழுதியதையும் ஒரே குறியீடாக்கும் 'என்எஃப்சி' என்னும் ஒருங்குறி வடிவுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. பிஹெச்பி-இல் 'நார்மலைசர்' என்ற வகுப்பு இதற்கென்றே இருக்கிறது.

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு விற்கிறோம். நிறம், அளவு, விலை வரிசை என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி வைத்தோம். இருப்பது சில நூறு சரக்குகள். நம் தளத்தின் எந்த முகவரிகளைக் கூகுள் அறிந்திருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பார்த்தால் பல ஆயிரம் முகவரிகள் காட்டுகிறது. இவற்றையும் அழகான முகவரிகளாக மாற்ற வேண்டுமா?
— வீட்டு உபயோகத் துணி வியாபாரி, கரூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். எட்டு நிறம், ஐந்து அளவு, நான்கு வகை வரிசை என்றால் ஒரே ஒரு பிரிவுக்கு 160 முகவரிகள். ஒன்றைத் தேர்வு செய்யாமல் விடுவதையும், நிறத்தை முதலில் சொடுக்கியதா அளவை முதலில் சொடுக்கியதா என்று வரிசை மாறுவதையும் சேர்த்தால் இன்னும் பெருகும். அத்தனையும் கேள்விக்குறி இல்லாத அழகிய முகவரியானால், எது சரக்கு, எது வெறும் வடிகட்டல் என்று தேடுபொறியால் பிரிக்கவே முடியாமல் போகும். கேள்விக்குறி அங்கே இருப்பதுதான் நல்லது.

வாடிக்கையாளர் எதைச் சொல்லித் தேடுகிறார் என்று பாருங்கள். 'வெள்ளைப் படுக்கை விரிப்பு' என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒரு நிலையான பக்கம், நல்ல முகவரி, நான்கு வரி விளக்கம் கொடுங்கள். 'நீலம், நடுத்தர அளவு, விலை குறைந்தது முதல்' என்று எவரும் தேடுவதில்லை. அது கேள்விக்குறிக்குப் பின்னாலேயே இருக்கட்டும், கெனானிக்கல் குறிப்பு பிரிவின் அசல் பக்கத்தைக் காட்டட்டும்.

கெனானிக்கல் ஒரு பரிந்துரைதான். கூகுள் ஏற்காமலும் போகலாம். பல ஆயிரம் என்கிற உங்கள் நிலையில் விலை வரிசை, அளவு ஆகியவற்றை ரோபோட்ஸ் கோப்பில் (தேடுபொறி எங்கே வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுப்பதும் நியாயமே. ஆனால் ஒரே முகவரிக்கு இரண்டையும் செய்யாதீர்கள். ரோபோட்ஸ் தடுத்துவிட்டால் கூகுள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே வராது. வராதபோது உள்ளே எழுதிய கெனானிக்கலை எப்படிப் படிக்கும்? கூகுளில் இதற்கென்று முன்பு இருந்த கருவியைப் பரிந்துரைக்கும் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்ததாகச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கருவியை 2022-இல் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: கோவை கணபதியில் பம்ப்செட் தயாரிக்கிறோம். ஒவ்வொரு மோட்டாரிலும் ஒட்டும் க்யூஆர் கோடு, அந்த மாடலின் பொருத்தும் முறைக் கையேட்டுக்குப் போகும். தளத்தைப் புதிதாக எழுதித் தரும் நிறுவனம், பழைய முகவரிகள் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவோம், அதுதான் வழக்கம் என்கிறது. சம்மதிக்கலாமா?
— பம்ப்செட் தயாரிப்பாளர், கோவை

பதில்: சம்மதிக்காதீர்கள். பல்லடம் பக்கத்தில் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, மோட்டார் ஓடவில்லை என்று ஒரு விவசாயி செல்பேசியை அந்தக் கோட்டின் மேல் காட்டுகிறார். அவருக்கு வேண்டியது எந்த வயரை எங்கே இணைப்பது என்ற படம். நீங்கள் அவருக்குக் காட்டப்போவது நிறுவன வரலாறும் வாழ்த்துச் செய்தியும் உள்ள முகப்புப் பக்கம். உங்களை நம்பிப் பணம் கொடுத்தவரை இப்படி அலைய விடலாமா? தேடுபொறிக்கும் இது பிடிக்காது. தொடர்பில்லாத பக்கங்களை மொத்தமாக முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அவற்றை 'இல்லாத பக்கம்' என்றே கணக்கில் வைக்கும்.

உலகளாவிய வலையை (வேர்ல்டு வைடு வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்பதுதான் அதன் சாரம். மாற்றுவதற்கு நாம் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை முகவரியை வைக்கும்போது யோசிக்காததால் வந்தவை என்று அதில் விளக்கியிருப்பார். உங்கள் புதிய நிறுவனத்தார் அதைப் படித்தால் நல்லது.

நீங்கள் கேட்க வேண்டியது ஒரு அட்டவணை. இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதற்கு நேரான புதியது. பழையவற்றைத் திரட்டப் பழைய சைட்மேப், சர்ச் கன்சோல், சர்வரின் வருகைப் பதிவு மூன்றையும் பாருங்கள். நான்காவதாக, கிடங்குக்குப் போய் உண்மையான ஸ்டிக்கர்களைச் செல்பேசியால் படித்துப் பாருங்கள். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் அச்சடித்த ஒரு வடிவம் எந்தப் பதிவிலும் இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் மட்டும் இருக்கும். திருப்பி அனுப்புவது ஒரே தாவலில் முடிய வேண்டும். பழையதிலிருந்து நடுவிலொன்று, அங்கிருந்து புதியது என்று சங்கிலி போடக்கூடாது.

தயாரிப்பை நிறுத்திய மாடலின் கையேட்டையும் எடுக்காதீர்கள். 'இந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை' என்று மேலே ஒரு வரி எழுதி அப்படியே விட்டுவையுங்கள். திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அது தேடுபொறிக்கான கணக்கு. உங்களுக்கு அந்த மோட்டார் ஓடும் காலம் வரைக்கும்.

இனி அச்சடிக்கும் ஸ்டிக்கர்களுக்கு மட்டும் ஒரு யோசனை. உங்கள் சொந்த டொமைனில் (தளப் பெயரில்) '/எம்/' என்று தொடங்கி மாடல் எண்ணோடு முடியும் குறுமுகவரியைக் க்யூஆர் கோட்டில் வையுங்கள். அது கையேட்டுக்குத் திருப்பி அனுப்பட்டும். நாளை தளம் எப்படி மாறினாலும் இந்தக் குறுமுகவரியின் இலக்கை மட்டும் மாற்றினால் போதும். இங்கே 301 வேண்டாம், 302 என்ற தற்காலிகப் பதிலே சரி. 301-ஐப் பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொண்டு பழைய இலக்குக்கே மறுபடி போகக்கூடும். வெளியார் நடத்தும் இலவசச் சுருக்குச் சேவைகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கூகுளே தன் சுருக்குச் சேவையைப் புதிய இணைப்புகளுக்கு 2019-இல் மூடிவிட்டது. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் இன்றே பாருங்கள். தளம் எழுதித் தருகிறவர் பெயரில் இருந்தால், மற்ற எதற்கும் முன் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னைநார்ப் பொருள் விற்கிறோம். சொற்களுக்கு நடுவே சிறுகோடா, அடிக்கோடா? ஊர்ப் பெயரை எல்லா முகவரியிலும் சேர்த்தால் முதலில் வருவோம் என்கிறார்களே?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: சிறுகோடு. கூகுளின் பரிந்துரையும் அதுதான். தொலைபேசியில் சொல்லவும் எளிது. அடிக்கோடு, இணைப்பின் அடியில் வரும் கோட்டோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ஊர்ப் பெயர் டொமைனில் ஏற்கெனவே இருக்கிறது உங்களுக்கு. பிரிவில் ஒருமுறை, சரக்கில் ஒருமுறை என்று திரும்பத் திரும்பப் 'பொள்ளாச்சி' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை, முகவரிதான் நீளும். எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தாகவே இருக்கட்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பாதையில் வேறு வேறாகவே கொள்ளப்படும். கடைசியில் சாய்கோடு வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஒன்றை முடிவு செய்து மற்றதை 301-ஆல் அதற்கே திருப்பிவிடுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். என் மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஹோஸ்டிங்கில் (வாடகைச் சர்வரில்) ஏற்றினால் முகப்பைத் தவிர எல்லாம் 404. என்ன அக்கா செய்வது?
— சத்தியமங்கலம் வாசகர்

பதில்: தம்பி, முதலில் '.எச்டிஅக்சஸ்' கோப்பு அங்கே போயிருக்கிறதா என்று பார். புள்ளியில் தொடங்கும் கோப்பு மறைந்திருக்கும். ஏற்றும்போது விட்டுப்போவது சகஜம். போயிருந்தால், சர்வர் அதைப் படிக்கிறதா என்று பார். கோப்பின் முதல் வரியில் பொருளற்ற ஒரு சொல்லை எழுது. படித்தால் 500 பிழை (சர்வர் கோளாறு) வரும். படிக்காவிட்டால் பழையபடி 404 வரும். அப்பாச்சி 2.4-இல் 'அலவ்ஓவர்ரைடு' என்ற அமைப்பு, மாற்றாதவரை, இந்தக் கோப்பைப் படிக்க விடாது. சர்வர் மென்பொருள் அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் என்றால் அதற்கு இந்தக் கோப்பே தெரியாது. 'ட்ரை-ஃபைல்ஸ்' என்ற வரியைச் சர்வரின் அமைப்பில் எழுத வேண்டும். மடிக்கணினியில் விண்டோஸ் வைத்திருந்தால், கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து கலந்திருக்கிறதா என்றும் பார்; லினக்ஸ் சர்வர் அதை வேறு கோப்பாகவே கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகாவிட்டால் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுது. எழுதும்போது பிழைப் பதிவின் கடைசிச் சில வரிகளை அப்படியே ஒட்டி அனுப்பு. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், என்ன பிழை வருகிறது என்று திருப்பிக் கேட்டுத்தான் பதில் வரும்.